மந்திரக்கோலும் மனச்சாட்சியும்: கதை, சினிமா, கேம் பற்றி விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிறு பள்ளியிலும் வாலிபர் கூட்டத்திலுமாகப் பதினாறு வருடம் ஓடிவிட்டது. பாடம் முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். ஒரு அம்மா, பழைய நாளிதழில் சுற்றிய தடித்த புத்தகம் ஒன்றை என் கையில் திணித்து, “இதை வீட்டில் வைத்திருக்கலாமா, எரித்துவிடவா?” என்று கேட்டார். ஏழாம் வகுப்புத் தம்பி ஒருவன் ஓரமாக வந்து, “அக்கா, பேய்ப் படம் பார்த்தா பிசாசு பிடிக்குமா?” என்றான். இதற்கெல்லாம் “கூடும்”, “கூடாது” என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன். நான் போதகர் இல்லை. உங்கள் சபை வேறு மாதிரி போதித்தால் போதகர் ஐயாவிடமும் பேசிக்கொள்ளுங்கள்.

குறிசொல்வதும் மந்திரமும் வேதத்தில் தடை. அப்படியென்றால் மந்திரவாதி வரும் கதையைப் படிப்பதும் அதே பாவம்தானே?

உபாகமம் 18-ஆம் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசியுங்கள். குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சூனியக்காரன், மந்திரவாதி, சன்னதக்காரன், மாயவித்தைக்காரன், செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன் என்று ஒரு வரிசையே வருகிறது. அத்தனை பேரும் அதைச் செய்கிறவர்கள். கடவுளிடம் கேட்க வேண்டியதை வேறொரு சக்தியிடம் கேட்பதுதான் அங்கே விலக்கப்படுகிறது.

இப்போது 1 சாமுவேல் 28-க்கு வாருங்கள். சவுல் ராஜா மாறுவேடம் போட்டு, இரவோடு இரவாக எந்தோரில் இருந்த அஞ்சனக்காரியிடம் போகிறான். செத்துப்போன சாமுவேலை எழுப்பச் சொல்கிறான். ஒரு திகில் கதைக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. சவுல் செய்தது பாவம். அதை எழுதி வைத்தவரோ, ஞாயிறு பள்ளியில் வாசிக்கிற நாமோ சூனியம் செய்யவில்லை. கதையில் ஒன்று வருவதும் அதைக் கையில் எடுப்பதும் ஒன்றல்ல.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த வரிசையில் “நாள்பார்க்கிறவன்” என்றும் இருக்கிறதல்லவா? பிள்ளை கையில் மந்திரக்கோல் படம் போட்ட புத்தகத்தைக் கண்டால் பதறுகிற வீட்டிலேயே, கல்யாண நேரத்தை ராகு காலத்துக்கு முன்னால் வைப்போமா, பின்னால் வைப்போமா என்று காதோடு காதாகப் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். கேட்டால், “நமக்கு ஒண்ணும் இல்ல, பொண்ணு வீட்டுக்காரங்க பார்க்குறாங்க” என்பார்கள். உபாகமம் கேட்பது இதைத்தான்.

அதற்காகக் கதைக்கும் செயலுக்கும் நடுவில் பெரிய மதில் இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். கதையில் பார்த்த ஆர்வத்தில் விடுதி அறையில் எழுத்துப் பலகை வைத்து ஆவியைக் கூப்பிடுவது, போனில் டாரோ சீட்டு எடுப்பது, ராசி பலன் பார்த்துவிட்டு நேர்முகத் தேர்வுக்குப் போவது எல்லாம் வாசிப்பு அல்ல. அங்கே நின்றுவிட வேண்டும்.

நடக்காத ஒன்றைச் சொல்வதே பொய்தானே? விசுவாசி கற்பனைக் கதையை ஏன் படிக்க வேண்டும்?

பொய் சொல்கிறவன் நீங்கள் நம்ப வேண்டும் என்று சொல்கிறான். கதை சொல்கிறவனும் கேட்கிறவனும் இது கதை என்று தெரிந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். நியாயாதிபதிகள் 9-இல் யோதாம், மரங்களெல்லாம் கூடித் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடிய கதையைச் சொல்கிறான். ஒலிவமரம் மறுக்கிறது, அத்திமரம் மறுக்கிறது, திராட்சச்செடி மறுக்கிறது, கடைசியில் முட்செடி ஒத்துக்கொள்கிறது. மரம் பேசாது என்று அங்கே யாரும் எழுந்து சண்டை போடவில்லை. தீர்க்கதரிசி நாத்தான் தாவீது ராஜாவிடம் போய் நேரடியாக “நீ பாவி” என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பற்றி ஒரு கதை சொன்னார். ராஜாவுக்குக் கோபம் பொங்கியது. “நீயே அந்த மனுஷன்” என்றார். கதை உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் அந்த வார்த்தை வேலை செய்தது.

நம் ஊருக்கே வருவோம். திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையை நமக்குத் தெரியும். “கிறிஸ்தவக் கம்பர்” என்கிறோம். 1894-இல் வெளிவந்த அவருடைய இரட்சணிய யாத்திரிகம் மூவாயிரத்து எழுநூறு பாடல்களுக்கு மேல் ஓடுகிற காப்பியம். அதன் மூலம் ஜான் பனியன் எழுதி 1678-இல் வந்த மோட்ச பிரயாணம். அதில் செதில் போர்த்திய உடம்பும் சிறகுமாக அப்பொல்லியோன் வழிமறிக்கிறான். ஒரு ராட்சதன் பயணிகளைப் பிடித்துக் கோட்டையில் அடைக்கிறான். பாட்டி கட்டில் பக்கத்தில் வைத்திருந்த அந்தப் புத்தகம் முழுக்க முழுக்கக் கற்பனைக் கதைதான்.

பனியன் காலத்திலும் இதே கேள்வி வந்தது. எழுதியதை நண்பர்களிடம் காட்டினாராம். சிலர் அச்சிடு என்றார்கள், சிலர் வேண்டாம் என்றார்கள். அதை அவரே முன்னுரைப் பாட்டில் எழுதிவிட்டு, சரி, அச்சிட்டுப் பார்ப்போம் என்று முடிவெடுத்ததாகச் சொல்கிறார். இதே விவாதத்தை முந்நூற்று நாற்பது வருடத்துக்கும் மேலாக நடத்திக்கொண்டிருக்கிறோம்.

எபேசுவில் விசுவாசிகள் புத்தகங்களைச் சுட்டெரித்தார்களே. நாமும் அப்படிச் செய்ய வேண்டாமா?

அப்போஸ்தலர் 19:19-இல் எரித்தவர்கள் யார்? “மாயவித்தைக்காரராயிருந்தவர்கள்.” எரித்தது எதை? தங்கள் சொந்தப் புத்தகங்களை, அதாவது தொழில் செய்த மந்திரச் சுவடிகளை. எபேசு மந்திரச் சொற்களுக்குப் பேர்போன ஊர். “எபேசிய எழுத்துகள்” என்றே கிரேக்கர்கள் சொன்னார்கள். அவற்றின் கிரயம் ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு. விற்றிருந்தால் பணம் பார்த்திருக்கலாம். அதையும் விட்டு, பிழைப்பையும் விட்டு வந்தார்கள். யாரும் வந்து பிடுங்கி எரிக்கவில்லை.

2001 டிசம்பரில் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோவில் ஒரு சபை ஹாரி பாட்டர் புத்தகங்களைத் தீயில் போட்டது. 2019-இல் போலந்தின் கிடான்ஸ்க் நகரில் குருக்கள் அதையே செய்தார்கள். படம் உலகமெல்லாம் சுற்றியது, பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. நாளிதழில் சுற்றிக்கொண்டு வந்த அம்மாவிடம், “உங்கள் மகன் வாசித்த புத்தகத்தை நீங்கள் எரித்தால் அது எபேசு இல்லை” என்றேன். அவர் வீட்டில் யாராவது தாயத்து, மந்திரிச்ச எலுமிச்சை வைத்திருந்து, மனந்திரும்பித் தானே தூக்கி எறிந்தால் அது எபேசு.

சரி, ஹாரி பாட்டர் விஷயத்தில் உங்கள் முடிவுதான் என்ன?

முதல் புத்தகம் 1997-இல் வந்தது, ஏழாவது 2007-இல். ஏழையும் படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். எதிர்த்து எழுதுகிற பலர் அட்டையைத் தாண்டவில்லை என்பது என் சந்தேகம்.

அந்தக் கதையில் மந்திரம் என்பது பிறவியிலேயே வருகிற திறமை, நமக்குப் பாட்டு வருவது மாதிரி. ஆவியைக் கூப்பிட்டு வரம் வாங்குவதாக இல்லை. ஏழாவது புத்தகத்தில் ஹாரியின் பெற்றோருடைய கல்லறையில் “பரிகரிக்கப்படுங் கடைசிச் சத்துரு மரணம்” என்ற 1 கொரிந்தியர் 15:26 வசனம் பொறிக்கப்பட்டிருக்கிறது. இன்னொரு கல்லறையில் “உங்கள் பொக்கிஷம் எங்கேயிருக்கிறதோ” என்கிற மத்தேயு 6:21. கதையின் அடிநாதமே அந்த இரண்டு வசனங்களுக்கு நடுவில்தான் ஓடுகிறது: சாவுக்குப் பயந்து எதையும் செய்யத் துணிகிற ஒருவன், பிறருக்காகச் சாகத் துணிகிற ஒருவன்.

குறைகளும் உண்டு. பள்ளியில் குறிசொல்வது ஒரு பாடமாகவே இருக்கிறது. அதைப் பெரும்பாலும் கேலி செய்தாலும் கதையே ஒரு குறியின் மேல்தான் சுழல்கிறது. பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள், விதியை மீறுகிறார்கள், பல இடங்களில் அதற்குப் பரிசும் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் மந்திரக்கோலைவிட இதைப் பற்றித்தான் பிள்ளையிடம் பேசுவேன். மந்திரக்கோல் கடையில் கிடைக்காது. பொய் இலவசம்.

எட்டு வயதுப் பிள்ளைக்குக் கடைசிப் புத்தகங்களின் இருட்டு தாங்காது. பன்னிரண்டு, பதின்மூன்றில் அம்மாவோ அப்பாவோ கூடவே வாசித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. உங்கள் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லையா? விட்டுவிடுங்கள். நூலகத்தில் வேறு புத்தகமே இல்லையா என்ன!

நார்னியா கதைகளை மட்டும் சபையில் சிபாரிசு செய்கிறார்களே. அதிலும் சூனியக்காரி இருக்கிறாளே?

இருக்கிறாள். எழுதிய சி.எஸ். லூயிஸ் விசுவாசி என்பதால் நாம் கண்ணை மூடிக்கொள்கிறோம், அவ்வளவுதான். 1950 முதல் 1956 வரை வந்த அந்த ஏழு கதைகளில் கடவுளுடைய நியாயப்பிரமாணத்தைப் போன்ற ஒன்றுக்கே “ஆழ்ந்த மாயம்” என்று பெயர். கிரேக்க-ரோமப் புராணத்து வன தேவதைகளும், மதுவின் தேவனும்கூட வருகிறார்கள். ஆகவே “மந்திரம் என்ற சொல் வருகிறதா?” என்று எண்ணிப் பார்ப்பது சரியான சோதனை இல்லை.

அதில் ஒரு பையன் ஒரு மிட்டாய்க்காகக் கூடப்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுக்கிறான். தின்னத் தின்ன இன்னும் வேண்டும் என்று தோன்றவைக்கிற மிட்டாய் அது. சூனியக்காரி வருகிற கதைதான், ஆனால் படித்து முடிக்கும் பிள்ளைக்கு அவள் மேல் ஆசை வராது. அந்த மிட்டாய் மேல் ஒரு பயம் வரும். ஒரு கதை எதை விரும்ப வைக்கிறது, எதை அருவருக்க வைக்கிறது? நான் பார்ப்பது அதைத்தான்.

தமிழ்ப் பேய்ப் படங்களைப் பார்க்கலாமா? பிசாசு பிடிக்குமா?

அந்த ஏழாம் வகுப்புத் தம்பிக்குச் சொன்னதையே முதலில் சொல்கிறேன். திரையில் ஓடுகிற ஒளியிலிருந்து பிசாசு இறங்கி வந்து யாரையும் பிடிக்காது. “உங்களிலிருக்கிறவர் உலகத்திலிருக்கிறவனிலும் பெரியவர்” என்று யோவான் எழுதியிருக்கிறார். இரவு பாத்ரூம் போக அம்மாவை எழுப்ப வேண்டியிருந்தால், அந்தப் படம் உன் வயதுக்கு இல்லை என்று அர்த்தம்.

பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. நம் பேய்ப் படங்களில் பேய் யார் என்று கவனித்திருக்கிறீர்களா? 2011-இல் வந்த காஞ்சனாவை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்துக்காகக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கையின் ஆவி நாயகன் உடம்பில் இறங்கிப் பழி தீர்க்கிறது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ படங்களில் பெயரும் ஊரும்தான் மாறின. அநியாயமாகச் செத்தவர் திரும்பி வருவார், கொன்றவனைக் கொல்வார், நாம் கை தட்டுவோம்.

இது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. பழையனூர் நீலி கதை நமக்குத் தெரியும். நெல்லையிலும் குமரியிலும் வில்லுப்பாட்டில் பாடுகிற கதைகளில் பாதி, கொலையுண்டவர்கள் தெய்வமாகி நின்ற கதைகள். இசக்கி கோயில்கள் பலவற்றின் பின்னால் அப்படி ஒரு பெண்ணின் கண்ணீர் இருக்கிறது. போலீசும் பஞ்சாயத்தும் கைவிட்ட ஏழைக்கு, செத்த பிறகாவது நியாயம் கிடைக்கட்டும் என்கிற ஏக்கம் அது. அந்த ஏக்கத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது. ஆபேலின் இரத்தம் பூமியிலிருந்து கூப்பிடுகிறது என்று ஆதியாகமம் சொல்லவில்லையா? வெளிப்படுத்தின விசேஷம் 6-இல் கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்களே, இன்னும் எவ்வளவு காலம் என்று பலிபீடத்தின் கீழிருந்து கேட்கின்றனவே.

வித்தியாசம் அடுத்த அடியில் இருக்கிறது. செத்தவர்கள் திரும்பி வந்து கணக்குத் தீர்ப்பதில்லை. ஒரே தரம் மரிப்பதும் பின்பு நியாயத்தீர்ப்பும்தான் மனுஷருக்கு நியமிக்கப்பட்டது என்கிறது எபிரெயர் 9:27. “பழிவாங்குதல் எனக்குரியது” என்று கர்த்தர் சொன்னதைப் பவுல் ரோமரில் எடுத்துச் சொல்கிறார். ஆனால் இருபது பேய்ப் படம் பார்த்த நம் சபைப் பிள்ளையிடம் “செத்தவங்க எங்க போவாங்க?” என்று கேட்டுப் பாருங்கள். “ஆசை நிறைவேறலன்னா சுத்திக்கிட்டே இருப்பாங்க” என்று சொல்வான். நான் கேட்டேன், அப்படித்தான் சொன்னான். மறுமை பற்றி நாங்கள் எடுத்த பாடமெல்லாம் எங்கே போனதோ. பயம் இரண்டு நாளில் போய்விடும். இந்த நம்பிக்கை சிரிப்போடு சேர்ந்து உள்ளே போவதால் அப்படியே தங்கிவிடுகிறது. படம் பார்த்தால் அதன் பிறகு இதைப் பேசிவிடுங்கள்.

“பொல்லாங்காய்த் தோன்றுகிற எல்லாவற்றையும் விட்டு விலகுங்கள்” என்று வசனமே இருக்கிறதே?

1 தெசலோனிக்கேயர் 5:22. எங்கள் வீட்டில் எனக்கு அடிக்கடி சொல்லப்பட்ட வசனம். ஆனால் அதற்கு முந்தின வசனத்தை யாரும் சொல்லவில்லை: “எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.” பவுல் அங்கே சபையில் சொல்லப்படுகிற தீர்க்கதரிசனங்களைப் பற்றிப் பேசுகிறார். அதையே சோதித்துப் பார்க்கச் சொல்கிறவர், மற்றதைச் சோதிக்காமல் ஓடச் சொல்வாரா? “தோன்றுகிற” என்று நம் மொழிபெயர்ப்பில் வருகிற இடத்துக் கிரேக்கச் சொல்லுக்கு “உருவம்”, “வகை” என்றெல்லாம் பொருள் உண்டு. பொல்லாங்கு எந்த வடிவில் வந்தாலும் விலகு என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வெளிப்பார்வைக்குத் தப்பாகத் தோன்றியதையெல்லாம் தவிர்ப்பதுதான் கட்டளை என்றால், ஆயக்காரரோடு பந்தியில் உட்கார்ந்த நம் ஆண்டவரே அதை மீறியவராகிவிடுவார்.

பவுல் தானே என்ன செய்தார்? அத்தேனேயில் பேசும்போது “நாம் அவருடைய சந்ததியார்” என்று அவர்கள் புலவரின் வரியை எடுத்துக்காட்டினார். அந்த வரி அராத்து என்ற கவிஞர் சீயுஸ் தேவனைப் பற்றிப் பாடியது. நாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கிற “ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்” என்பது மெனாந்தர் என்கிற நகைச்சுவை நாடகக்காரரின் வரி என்கிறார்கள் வேத அறிஞர்கள். கெட்ட சகவாசம் பற்றி எச்சரிக்க அப்போஸ்தலர் நாடகத்திலிருந்தே வரி எடுத்தார். இதை வாலிபர் கூட்டத்தில் சொன்னால் பையன்கள் கைதட்டுவார்கள். அடுத்த பதிலையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் எதையும் பார்க்கலாமா? எங்கே நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரியும்?

ஆதிச்சபைப் பிதாக்களில் ஒருவரான அகஸ்டின் தன் நண்பர் அலிப்பியுஸைப் பற்றி எழுதியிருக்கிறார். சட்டம் படிக்க ரோமுக்குப் போன அலிப்பியுஸுக்கு, அடிமைகள் வெட்டிக்கொண்டு சாகிற அரங்க விளையாட்டு என்றாலே வெறுப்பு. நண்பர்கள் வம்பாக இழுத்துப் போனார்கள். உடம்புதான் இங்கே இருக்கும், கண்ணைத் திறக்க மாட்டேன் என்று மூடிக்கொண்டு உட்கார்ந்தார். திடீரென்று கூட்டம் ஒரே குரலில் அலறியது. என்னதான் என்று ஒரு கணம் கண்ணைத் திறந்தார். அவ்வளவுதான். அந்த இரத்தத்தைக் குடித்துவிட்டார் என்கிறார் அகஸ்டின். பிறகு அவரே ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறவராகிவிட்டார். அதே அலிப்பியுஸ் பின்னாளில் மனந்திரும்பிப் பேராயரும் ஆனார், அது வேறு கதை.

“நான் ஸ்ட்ராங், என்னை ஒன்றும் செய்யாது” என்கிறவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். அவரை விழவைத்தது கூட்டத்தின் சத்தம். முதல் நாள் முதல் காட்சிக்குப் போனவர்களுக்குப் புரியும். அரிவாள் இறங்கும்போது விசில் அடித்தோமா? பின்னாலேயே அலைந்து தொல்லை கொடுக்கிறவனை “செம மாஸ்” என்று ரசித்தோமா? சாதிப் பெருமை பேசும் வசனத்துக்கு உடம்பு புல்லரித்ததா? அங்கே மந்திரமும் கிடையாது, பேயும் கிடையாது, நம் வீட்டுப் பெரியவர்கள் எந்த ஆட்சேபணையும் சொல்வதில்லை. கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குவது என்று ஆண்டவர் சொன்னது எனக்கு அப்போதெல்லாம் நினைவுக்கு வரும்.

எனக்கு நானே வைத்திருக்கிற அடையாளங்கள் சில. பார்த்து முடித்த பிறகு வீட்டு மனிதர்கள் மேல் எரிச்சல் கூடியிருந்தால், முன்பு கூசிய ஒன்று இப்போது கூசவில்லை என்றால், யாராவது உள்ளே வந்ததும் விரல் தானாக ரிமோட்டைத் தேடினால், அதை விட்டுவிடுவேன். ஒரு பிரபலமான தொடரை மூன்றாம் பாகத்தில் அப்படித்தான் நிறுத்தினேன். முடிவு என்ன என்று இன்றுவரை தெரியாது. கொஞ்சம் வருத்தம்தான்.

பிலிப்பியர் 4:8-இன்படி சுத்தமானதை மட்டும்தானே சிந்திக்க வேண்டும்?

ஆம். ஆனால் அந்த வசனம் “உண்மையுள்ளவைகளெவைகளோ” என்றுதான் தொடங்குகிறது. பாவமே இல்லாத கதை உண்மையான கதையாக இருக்காது. தாவீதும் பத்சேபாளும், நியாயாதிபதிகளின் கடைசி அதிகாரங்களும் இல்லாத வேதாகமம் நமக்குக் கொடுக்கப்படவில்லை.

பள்ளியில் கம்பராமாயணம் பாடமாக வருகிறது. பிள்ளையைப் படிக்க விடலாமா?

தாராளமாக. தானியேல் பாபிலோனில் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றார். ராஜாவின் போஜனத்தைத்தான் மறுத்தார். கிருஷ்ணபிள்ளை கம்பனைக் கரைத்துக் குடிக்காமல் இருந்திருந்தால் இரட்சணிய யாத்திரிகமே வந்திருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் பக்தியோடு படிக்கிற ஒன்றை நம் பிள்ளை இலக்கியமாகப் படிக்கும்போது கேலி செய்யாமல் படிக்கக் கற்றுக்கொடுங்கள்.

சபையில் ஒரு குடும்பம் எல்லாம் பார்க்கிறது. இன்னொரு குடும்பம் டிவியே வைத்துக்கொள்ளவில்லை. யார் சரி?

1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு வாருங்கள். கடையில் விற்கிற இறைச்சியை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம் என்கிறார் பவுல். ஆனால் ஒருவன் இது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று சொன்னால், சொன்னவனுடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்கிறார்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு தங்கை வந்துகொண்டிருந்தாள். அவள் தாத்தா சாமியாடி. வீட்டில் குறிகேட்க வரிசை நிற்குமாம். உடுக்கைச் சத்தம் கேட்டாலே கை நடுங்கும் என்று ஒரு நாள் சொன்னாள். நாங்களோ அந்த வருட வாலிபர் முகாமில் இரவுக்கு ஒரு திகில் படம் போடலாம் என்று திட்டம் போட்டிருந்தோம். நமக்கு அது பொழுதுபோக்கு, அவளுக்கு அது விட்டு வந்த வீடு. படத்தை மாற்றினோம். அவளை உதாரணமாகச் சொல்லவும் இல்லை, ஏன் மாற்றினோம் என்று அறிவிக்கவும் இல்லை. இரண்டு பையன்களுக்கு மட்டும் கோபம்.

டிவி வைக்காத குடும்பத்தைப் பழமைவாதி என்றும், வைத்திருப்பவரை உலகத்தான் என்றும் சொல்லாமல் இருந்தாலே ரோமர் 14-இல் பாதி நிறைவேறிவிடும்.

என் மகன் ஆடும் கேமில் அரக்கன், பிசாசு எல்லாம் வருகிறது. தடுக்க வேண்டுமா?

அவன் அரக்கனைக் கொல்கிறானா, கும்பிடுகிறானா என்று பாருங்கள், பெரும்பாலும் கொல்கிறான். எனக்குக் கவலை வேறு இடத்தில். இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறான்? தோற்றால் என்ன வார்த்தை வாயில் வருகிறது? உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கிறானா? அது சூதாட்டத்தின் தம்பி. முகம் தெரியாதவர்களோடு மைக்கில் பேசுகிறானா? இவற்றைக் கேட்டுவிட்டு அரக்கனுக்கு வருவோம்.

எங்கள் மாமியார் சீரியல் மட்டும்தான் பார்ப்பார்கள். அது பரவாயில்லைதானே?

மருமகள் பாலில் என்னத்தையோ கலக்கிறாள், நாத்தனார் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள், மூன்று பின்னணி இசையோடு ஆறு முகத்தைக் காட்டுகிறார்கள். வாரத்துக்கு ஆறு நாள். நீங்களே சொல்லுங்கள்.

படம் பார்க்கும் முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். முன்பு யு/ஏ என்று ஒரே பிரிவாக இருந்தது. 2024 முதல் அதை 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள். ஓடிடியிலும் இதே மாதிரி வயதுக் குறிப்பு தொடக்கத்தில் மூலையில் வரும். அது இரத்தத்தையும் கெட்ட வார்த்தையையும் எடைபோடும், கதை எதை நம்பச் சொல்கிறது என்று சொல்லாது. அதற்குப் பெரியவர் ஒருவர் முதலில் பார்த்துவிடுவதுதான் வழி.

மகள் எனக்குத் தெரியாமல் ஒரு தொடரைப் பார்த்து முடித்திருக்கிறாள். போனைப் பிடுங்கிவிட்டேன். இனி என்ன செய்ய?

போனைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம். அதற்கு முன்னால் அவளை உட்காரவைத்து, அந்தக் கதையை முழுசாக உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் திட்டாமல் கேளுங்கள். அது கஷ்டம், எனக்குத் தெரியும். யாரை அவளுக்குப் பிடித்தது, எங்கே அழுதாள், எந்த முடிவு அநியாயம் என்று நினைக்கிறாள் என்று கேளுங்கள். எபிரெயர் 5:14-இல் நன்மை தீமையைப் பகுத்தறிவதற்கு ஞானேந்திரியங்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று இருக்கிறது. போனைப் பூட்டி வைத்தால் அந்தப் பயிற்சி கிடைக்காது.

ஒரு அப்பா அப்படிக் கேட்டுப் பார்த்தார். மகள் சொன்ன கதையில் ஒரு தகப்பன் வருகிறான், எப்போதும் வேலை, வீட்டில் யாரோடும் பேசமாட்டான். அவனைத்தான் அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லையாம். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, அந்தத் தொடர் எத்தனை பாகம், தானும் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுப் போனார்.